நகாட்டா ஒரு கோல் ஆட்டக்காரரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் ஹிடெதோஷி நகாட்டாவைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஜப்பான் ஆட்டக்காரருக்கு நம் பத்திரிகையில் அரைப் பக்கமா என்று ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். இங்கிலாந்துக்குப் போய், போல்டன் காற்பந்து அணியில் ஒரு சீசன் ஆடி, ஒரே ஒரு கோல் அடித்து, தாக்குப்பிடிக்க முடியாமல் 29 வயதில் காற்பந்தை விட்டுவிட்டு சாக்கே மது விற்கப் போனவராம். உங்கள் கட்டுரையாளருக்கு அவ்வளவுதான் நகாட்டா.

போல்டனில் லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரு கோல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போனது 2005-இல். அதற்கு முன் இத்தாலியில் 7 சீசன் ஆடினாரே, அப்போது உங்கள் ஆள் தூங்கிக்கொண்டிருந்தாரா? 1998 செப்டம்பரில் பெருஜியா அணிக்காக முதல் லீக் ஆட்டம், எதிரில் யுவெந்துஸ் அணி, 2 கோல். அந்த சீசனில் மொத்தம் 10. 2001 மே மாதம் தூரினில் அதே யுவெந்துஸிடம், அவர் அப்போது ஆடிய ரோமா அணி 0-2 என்று பின்தங்கிக் கிடந்தது. அணியின் நட்சத்திரமான தொத்தியை வெளியே எடுத்துவிட்டு நகாட்டாவை இறக்கினார்கள். ரோமாவில் தொத்தியை வெளியே எடுப்பது என்றால் சும்மாவா? தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். கடைசி நேரத்தில் மறுபடி அடித்த பந்தைக் கோல்காவலர் பிடிக்க முடியாமல் தட்டிவிட, சக ஆட்டக்காரர் மொன்தெல்லா உள்ளே தள்ளினார். 2-2. அந்த ஆண்டு லீக் பட்டம் ரோமாவுக்கு. அடுத்த ஆண்டு அவர் ஆடிய பார்மா அணி இத்தாலியக் கோப்பையை வென்றபோதும், இறுதியின் முதல் ஆட்டத்தில் யுவெந்துஸ் திடலில் இவர் அடித்த கோல்தான் கடைசியில் கணக்கைத் தீர்த்தது.

சரி, இத்தாலி தூரம், தெரியாமல் போயிருக்கலாம். நம் ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கம் தூரமா?

1997 நவம்பர் 16-ஆம் தேதியைப் பற்றித் தாங்கள் அறியாததல்ல. ஜப்பானுக்கும் ஈரானுக்கும் நடந்த அந்த ஆட்டத்தை லார்க்கின் அரங்கில் நானும் நேரில் பார்த்தேன். திடல் முழுக்க நீலச் சட்டை. டோக்கியோவிலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நகாட்டா அப்போது 20 வயசுப் பையன், தலைமுடிக்குச் சாயம் வேறு. முதல் கோலுக்கு, சக ஆட்டக்காரர் நக்காயாமாவுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தது அவன். ஈரான் 2-1 என்று முந்திய பிறகு, சமன் செய்த கோலுக்கு ஜோவின் தலைக்குப் பந்தை அனுப்பியதும் அவன். கூடுதல் நேரத்தில் ஜப்பானின் ஒகானோ வாய்ப்பு வாய்ப்பாகக் கோட்டைவிட்டார். எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் அவரைத் திட்டிய தமிழை இங்கே எழுத முடியாது. கடைசியில் நகாட்டா அடித்ததைக் கோல்காவலர் தடுக்க, திரும்பி வந்த பந்தைத்தான் ஒகானோ போட்டார். 3-2. ஜப்பான் முதல்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. மூன்று கோலும் ஒரே பையன் காலில் பிறந்தவை. ஜப்பானில் இன்றும் அந்த வெற்றியை ஜொகூர் பாருவின் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். ஜொகூரில் விற்கும் நம் பத்திரிகையின் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போல்டன் மட்டும் இருக்கிறது.

தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடினார் என்பதும் பொய். 2006 உலகக் கிண்ணத்தோடு நிறுத்துவதென்று ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே முடிவு செய்துவிட்டதாகத் தன் இணையப் பக்கத்தில் அவரே எழுதினார். டோர்ட்முண்டில் பிரேசிலிடம் தோற்றபின் நடுத்திடலில் மல்லாந்து கிடந்தாரே, அது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும். அதன்பின் உலகம் சுற்றினார், ஜப்பானியக் கைவினைக்கும் சாக்கேக்கும் உழைக்கிறார். அது அவர் பாடு.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாமென்றுதான் பார்த்தேன், முடியவில்லை. பச்சை வெள்ளைப் பட்டை போட்ட, ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிச் சட்டையில் நிற்பவர் ஷுன்சுகே நக்காமுரா. நகாட்டா செல்டிக்குக்கு ஆடியதே இல்லை. ஜப்பான்காரர் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்றால், படமே போடாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் பக்கத்தில் இங்கிலாந்து லீக்கில் ஆடாதவன் ஆட்டக்காரனே இல்லை. அங்கே ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் நான்கு பத்தி வருகிறது. 2019-இல் அதே லார்க்கினில் ஆசிய சாம்பியனான ஜப்பானின் கஷிமா அணியை நம் ஜொகூர் அணி வென்றபோது ஒரு மூலையில் துண்டுச் செய்தி. 1971-இல் சியோலில் ஜப்பானை 3-0 என்று தோற்கடித்து மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன நாடு நம் மலேசியா. நம் கோல்காவலர் ஆறுமுகம் கோல் கம்பத்தில் நின்ற காலத்தைப் பற்றி எழுதச் சொல்லி முன்பு ஒரு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. இடப் பற்றாக்குறை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். பக்கத்துப் பத்தியில் ஒரு இங்கிலாந்து ஆட்டக்காரரின் புதுக் கார் படம் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, படத்தில் இருப்பவர் நக்காமுரா என்றும், நகாட்டா லார்க்கினில் என்ன செய்தார் என்றும் 2 வரி திருத்தம் போடுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ஜொகூர் பாரு