வேண்டாம் என்றாலும் பரவாயில்லை என்ற அந்த சிஸ்டருக்கு

மதுரையில் விபத்தில் அடிபட்ட என் அண்ணனுக்கு மூளைச்சாவு என்றார்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. அம்மா எப்படி நம்புவார்? உறுப்பு தானம் என்ற பேச்சு வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

சிஸ்டர், உங்கள் டியூட்டி அப்போது முடிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிய நீங்கள், அம்மாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நான்கு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும், தானாக மூச்சு வருகிறதா என்றும் பார்ப்பார்கள் என்று நிதானமாகச் சொன்னீர்கள். "சரின்னு சொல்லும்மா, புண்ணியம்" என்று மாமா அவசரப்படுத்தியபோது, "அவங்க யோசிக்கட்டும் சார். வேண்டாம்னு சொன்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றீர்கள்.

தானம் நல்ல காரியம்தான். அதற்காகத் துக்கத்தில் உடைந்து நிற்பவரை நெருக்கிக் கையெழுத்து வாங்குவது நியாயமே இல்லை. நீங்கள் அம்மாவிடம் கேட்டதெல்லாம், "உங்க பையன் எப்படிம்மா?" என்பதுதான். அம்மா பேசப் பேச, அண்ணன் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி ரத்தம் கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. அப்புறம் படிவத்தை அவரே கேட்டு வாங்கினார்.

2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்குக் கிடைக்கும் அரசு மரியாதையோடு அண்ணனை அனுப்பிவைத்தோம். உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் சிஸ்டர், நாங்களே வருகிறோம்.