அந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றாதீர்கள்

சங்கத் தலைவர் ஐயாவுக்கும் செயலவையினருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழைத்ததால் மன்றத்துக்கு வந்தேன். ஆப்பிரிக்க நாடான மலாவிக்கு அனுப்ப மூன்று அட்டைப்பெட்டி நிறையப் பழைய மூக்குக் கண்ணாடிகள் சேர்ந்திருந்தன. சிங்கப்பூர்த் தேக்காவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்பதால் பவர் பார்த்துப் பிரித்துத் தரச் சொன்னீர்கள்.

முதலில் கையில் வந்தது தங்க நிற ஃபிரேம். வலது கண்ணுக்கு மைனஸ் 5.25, இடது கண்ணுக்கு மைனஸ் 3.75, போதாததற்கு இரண்டிலும் சிலிண்டர், அதாவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கூடுதலாகச் சேர்க்கும் பவர். ஒருவருடைய கண்ணுக்கென்றே தேய்த்த லென்ஸ் அது. அதே பவரும் அதே சிலிண்டர் கோணமும் உள்ள இன்னொருவரை மலாவியில் எங்கே போய்த் தேடுவது? நாற்பது கண்ணாடிகள் பார்த்தேன். யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடியவை மூன்றே மூன்று. பாதிக்கு மேல் கீறல். தொண்டூழியர்கள் அவ்வளவு உற்சாகமாக இருந்தார்கள், அன்று வாயைத் திறக்க மனம் வரவில்லை. பார்வையிழப்புத் தடுப்புக்கான பன்னாட்டு முகமையே பழைய கண்ணாடி நன்கொடை வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

அங்கே நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முதலில் தேவைப்படுவது வெள்ளெழுத்துக் கண்ணாடி, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவுவது. இரண்டு பக்கமும் ஒரே பிளஸ் பவர், ரெடிமேட். மொத்தமாக வாங்கினால் இரண்டு வெள்ளிகூட ஆகாது. இந்தச் சின்னப் பொருள் கிடைக்காமல் உலகத்தில் 82.6 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்கள் பறித்த கொழுந்து சுமார் 22 விழுக்காடு கூடியிருந்தது. மலாவியிலும் தியோலோ, முலாஞ்சே பக்கமெல்லாம் தேயிலைதான். இலங்கை மலையகத்தில் சொந்தக்காரர்கள் உள்ள நம்மவர்களுக்கு அந்த வேலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கண்புரை. அது முற்றிவிட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது, அறுவை சிகிச்சைதான். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதில் ஒரு பாடம் கற்றது. அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் கிராமத்தார் பலர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும். அவற்றையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். மலாவியிலும் கிராமத்துப் பாட்டிக்கு மாவட்ட மருத்துவமனை தூரம்தான். பஸ் காசு, கூட வருகிற மகளின் ஒரு நாள் கூலி என்று கணக்குப் பார்த்தால், இலவசம் என்பது அவ்வளவு இலவசமாக இருக்காது.

அங்கே வேலை தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. மாவட்டங்களில் கண் சிகிச்சைப் பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர்கள் இருக்கிறார்கள். முசூசு பல்கலைக்கழகத்தில் பார்வைப் பரிசோதனை படிப்பே இருக்கிறது. கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா என்ற தொற்றுநோயை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் 2022-இல் ஒழித்துக் காட்டிய நாடு அது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாம் பெட்டி கட்டிவிட்டோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதனால் கப்பல் கூலிக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே வையுங்கள். முதலில் அங்குள்ள ஒரு மாவட்ட மருத்துவமனையின் கண் பிரிவுக்கு எழுதிக் கேட்போம். புதிய ரெடிமேட் கண்ணாடி எத்தனை, எந்தப் பவரில் வேண்டும், புரை நோயாளிகளை அழைத்து வர என்ன செலவாகும் என்று அவர்களே சொல்லட்டும். ஃபிரேம்களைச் சேர்த்துத் தந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் என்னைக் கை காட்டுங்கள், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்து ரெடிமேட் கண்ணாடிகள் கொண்டு வருகிறேன். செயலாளர் அண்ணன் முதலில் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். போன தடவை கூட்டக் குறிப்பை அவர் கையை முழுசாக நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தார்.

இப்படிக்கு,
தேக்கா கண்ணாடிக் கடைக்காரன்