பண்டிகைக்கு ஒரு கண்காட்சி வேண்டாம், வாரம் ஒரு மேசை போதும்

மகளிர் குழுப் பொருட்களுக்கு விற்பனைக் கண்காட்சி நடத்தும் மாவட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். பொடி, வடகம், ஊறுகாய் செய்து விற்கும் மகளிர் குழுவினர் நாங்கள்.

200 கிராம் இட்லிப் பொடி, நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று வாரம் வந்தால் அதிகம். தீர்ந்த அன்று அந்த வீட்டில் எங்களைத் தேடுவார்கள். தீபாவளிக்கு ஸ்டால் போட்ட நாங்கள் மறுபடி கண்ணில் படுவதோ பொங்கலுக்கு. நடுவில் மளிகைக் கடை பாக்கெட்டுக்குப் பழகிவிடுகிறார்கள். ருசியில் தோற்பதைவிட இந்த இடைவெளியில் தோற்பதுதான் அதிகம்.

கடையில் வைத்து விற்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு பாக்கெட் 90 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் 38, அரவை, கேஸ் 6, கவரும் ஸ்டிக்கரும் 5, கூலி 11, ஆக 60. கடைக்காரர் 25 சதவீதம் எடுத்தால் எங்கள் கைக்கு வருவது 67.50. மிச்சம் ஏழரை ரூபாய். அதுவும் விற்ற பிறகுதான் பணம். விற்காதது தேதி முடிந்து திரும்பி வரும். நேரடியாக விற்றால் மிச்சம் 30. பஸ் செலவு போனாலும் கட்டுப்படியாகும். (நேரடி விற்பனை என்றதும் ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் சங்கிலித் திட்டம் ஞாபகம் வர வேண்டாம். செய்தவரே விற்பதைத்தான் சொல்கிறோம்.)

இந்தக் கணக்கிலேயே பலர் சறுக்குவார்கள். ஒரு கிலோ சாமானை வறுத்து, அரைத்து, சலித்தால் ஒரு கிலோ பொடி கிடைக்காது. வறுக்கும்போது ஈரம் போகும், மெஷினில் கொஞ்சம் ஒட்டும். சுமார் 60, 70 கிராம் குறையும். அதைச் சேர்க்காமல் விலை வைத்தால் பதினைந்து கிலோவுக்கு ஒரு கிலோ இனாம். குழுக்களுக்கு நடத்தும் பயிற்சி முகாமில் சொல்லித்தர வேண்டியது இதுதான். நாங்கள் பார்த்த முகாம்களில் லோகோ வரைவதற்கே அரை நாள் போகிறது.

பாக்கெட் திரும்பி வருவதற்கும் காரணங்கள் சாதாரணமானவை. அரைத்த சூட்டோடு கட்டினால் கவருக்குள் வேர்த்துப் பொடி கட்டி தட்டும். துணியில் பரப்பி முழுதாக ஆற வேண்டும். உப்பை வறுக்காமல் சேர்த்தாலும் அதே கதி. எள், நிலக்கடலை, கொப்பரை சேர்ந்த பொடி வெயிலில் இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கவர் வாயில் துளி பொடி இருந்தாலும் சீலிங் பிடிக்காது. பார்க்க ஒட்டியது போலத் தெரியும், அமுக்கினால் காற்று கசியும். புனல் வைத்துக் கொட்டி, வாயின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு சீல் வைத்தால் சரி.

அச்சடித்த கவர் வாங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆயிரக்கணக்கில்தான் அச்சடித்துத் தருவார்கள். பருப்பு விலை ஏறினால், அச்சிட்ட எம்ஆர்பி மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டச் சட்டம் இடம் தராது. வெற்றுக் கவரும் ஸ்டிக்கருமே புத்திசாலித்தனம். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், சேர்மானம், நிகர எடை, பேக் செய்த தேதி, பேட்ச் எண், முகவரி, புகாருக்கான போன் நம்பர் எல்லாம் அதில் அடங்கும். தராசு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு வியாபாரத்துக்குச் செல்லாது.

இன்னொன்றையும் முகாமில் சொல்லுங்கள். பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளர் மகளுக்கு விலை போட்டு ஒரு பார்சல் அனுப்பினாலே அது வெளிமாநில விற்பனை. வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்ற சலுகை அதற்குப் பொருந்தாது. தெரியாமல் அனுப்புபவர்கள் நிறைய.

இனி கோரிக்கைக்கு வருகிறோம். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே இடம், ஒரே குழு, மூன்று மாதம். வாராவாரம் குலுக்கல் போட்டு வேறு குழுவை உட்கார வைப்பது நியாயமாகத் தெரியலாம்; ஆனால் பொடி தீர்ந்து தேடி வருபவர் வேறு முகத்தையும் வேறு ருசியையும் பார்த்துத் திரும்பிவிடுவார். எல்லாருக்கும் வாய்ப்பு வேண்டும் என்றால் இடங்களைக் கூட்டுங்கள்; ஒரே இடத்தைத் துண்டு போடாதீர்கள்.

அந்த மூன்று மாதத்தில் எங்கள் வேலை, யார் எந்தத் தேதியில் என்ன வாங்கினார் என்று நோட்டில் எழுதி, பதினெட்டாம் நாள் வாட்ஸ்அப்பில் கேட்பது. எங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் (ஒரே தடவையில் பலருக்கு அனுப்பும்) செய்தி போய்ச் சேரும். அதனால் பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே நம்பரைச் சேமிக்கச் சொல்ல வேண்டும்.

நாங்கள் தரும் அன்றாட அறிக்கையில் "இன்றைய விற்பனை எவ்வளவு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பக்கத்தில் "இரண்டாம் முறை வந்தவர் எத்தனை பேர்" என்று இன்னொன்று போடுங்கள். கண்காட்சியில் 8,000 ரூபாய்க்கு விற்ற குழுவைவிட, 1,500 ரூபாய்க்கு விற்றாலும் பழைய முகங்கள் பத்து வந்த குழுதான் அடுத்த வருஷமும் தொழிலில் இருக்கும்.

இடத்தையும் சொல்லிவிடுகிறோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வரும் கூட்டத்தைப் பார்த்து வாசலில் மேசை போடச் சிலர் சொல்வார்கள். மனுவும் கையுமாக நிற்பவர் பொடி வாங்க மாட்டார். வாங்கப் போவது அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், அதுவும் 5.45க்கு வீட்டுக்குக் கிளம்பும்போது. டூவீலர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெயில் படாத இடமாக, நாலரை மணியிலிருந்து ஆறரை வரை ஒரு மேசை போட அனுமதி கொடுங்கள். மேசையை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பொடி, வடகம், ஊறுகாய் செய்து நேரடியாக விற்கும் மகளிர் குழுவினர்