உபதேசியாரின் கொப்பி

மட்டக்களப்பு

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. வடக்கன்குளத்துக்கு அப்பால் நீர் குடியிருக்கும் ஊர், இத்தனை காலம் கிளைக் கிராமமாக இருந்து இப்போது தனக்கெனக் குருவானவரைக் கொண்ட தனிப் பங்காகிவிட்டது என்ற செய்தியை வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். கோபுரத்தையும் பங்குமனையையும் ஆயரின் வருகையையும் விரிவாக எழுதிய நீர், குருவானவர் இல்லாதபோது செபத்தை நடத்தும் ஊர்க்காரரான உபதேசியாரைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர். அவரைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் எந்த ஊரிலும் நெடுநாள் தங்கவில்லை. மந்திரங்களைத் தமிழில் கற்பித்து, ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை, அதாவது அக்கால உபதேசியாரை, நியமித்து, அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக, போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார். குருவானவர் இல்லாத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்தவரும், சாகக்கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அந்த ஊர்க்காரரே. 1773இல், சவேரியார் சார்ந்திருந்த துறவற சபையான இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்கு வந்து சேரும்வரை, உள்நாட்டுக் கிராமங்கள் பலவற்றுக்குக் குருவானவர் எப்போதாவதுதான் வந்துபோனார். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்றால், அதற்கு உபதேசிமாரையும் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரையும் தவிர வேறு எவரைக் காரணம் சொல்வது?

உமது அயலூரான வடக்கன்குளத்தையே எடுத்துக்கொள்ளும். 1745இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற மண் அது. 2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது இங்கும் மணி ஒலித்தது. ஆனால் அதே ஊரில் 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில், சாதிக்கொரு பக்கமாக, நடுவே தடுப்பு வைத்து இரண்டு மண்டபங்களோடு கட்டப்பட்டது. 1910இல் குருவானவரான கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தபோது வழக்கு வரை போனது. ஆட்கள் பெருகியதையும் கோயில் பெரிதானதையும் மட்டும் வளர்ச்சி என்று எண்ண என் மனம் ஒப்பவில்லை. உமது புதிய பங்கில் யார் வாசகம் வாசிக்கிறார்கள், திருவிழாவில் சப்பரம் எந்தத் தெருக்களுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை என்பதை அடுத்த கடிதத்தில் எழுதும்.

எங்கள் பக்கத்துச் செய்தியும் இதையொட்டியதுதான். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, இயேசு சபைக் குருமார் அதன் பொறுப்பை ஏற்ற காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களுக்குப் பூசை வைக்க வாவியைத் தாண்டித்தான் வரவேண்டும்; மாரி வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. அம்பாறை மாவட்டத்துச் சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருத்தலமும் இப்போது இதற்குள்தான் அடங்குகிறது. ஆனால் எங்கள் சிறிய ஊர் இன்னும் கிளைக் கோயிலாகவே இருக்கிறது. குருவானவர் வராத ஞாயிறுகளில் முதிய உபதேசியாரே செபத்தை நடத்துகிறார். 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது, பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாம் குறித்துவைத்திருந்த கொப்பியை அவர் மடியில் கட்டிக்கொண்டு போனார். அகதி முகாமில் ஆவணம் எதுவுமின்றி நின்ற பிள்ளைகள் சிலருக்கு வயதையும் பெற்றாரின் பெயரையும் உறுதிசெய்ய அது ஒன்றே இருந்தது. இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டதால், மறைக்கல்வி படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவளே அடுத்த உபதேசியாராக வேண்டும் என்பது என் ஆசை. அடுத்த கூட்டத்தில் அதைக் கோயில் சபையாரிடம் கேட்கப் போகிறேன்.

உம்மிடம் ஒரு வேண்டுகோள். புதிய பங்குமனைக்குப் புதிய பதிவேடுகள் வாங்கியிருப்பார்கள். பழைய உபதேசிமார் எழுதிவைத்த கொப்பிகள் யாராவது வீட்டுப் பெட்டியில் கிடந்தால், கறையான் தின்னுமுன் கேட்டு வாங்கிப் பங்குத்தந்தையிடம் ஒப்படையும். முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கும் அனுப்பும். எங்கள் கொப்பியையும் அவ்வாறே படம் எடுத்து உமக்கு அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

உமது அன்பு நண்பன்