2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இயங்கிவரும் நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுப் பணிகள் குறித்த இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் பார்வைக்கு வைக்கிறேன். செயலவைக் கூட்டங்கள் முறையாக நடைபெற்றன; வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்; 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி அனுப்ப வேண்டிய ஆண்டு விவரங்கள் இன்றிலிருந்து 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குச் சென்று சேரும். எனவே, நம் உழைப்பை அதிகமாகக் கேட்ட பணிகளைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாம் வாழ்ந்த காலத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், விடியற்காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குக் கிளம்புமுன் யாராவது ஒரு சட்டி கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, நம் மக்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, அடுத்த கதவுக்குள் யார் பசியாறினார், யார் பசியாறவில்லை என்பது நமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தபடி, தனித்து வாழும் முதியோரை நம் உறுப்பினர்கள் இருவர் இருவராகச் சென்று வாரந்தோறும் பார்த்து வந்தார்கள்.

அப்படிச் சென்றபோது தெரியவந்த ஒன்றை இங்குப் பதிவு செய்ய வேண்டும். ஆயுள் முழுவதும் ரப்பர் மரம் சீவிய ஒரு பாட்டிக்குப் பணம் எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. 2001ஆம் ஆண்டில் அறிமுகமான மைகாட் அடையாள அட்டையில் கைரேகை பதிவாகியிருக்கிறது. ஆனால் உளியும் பாலும் திராவகமும் தேய்த்த அவர் பெருவிரலில் ரேகை ஏறக்குறைய அழிந்திருந்ததால், முகப்பிடத்தில் இருந்த கருவி ஒவ்வொரு முறையும் மறுத்தது. இருமுறை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை நம் இளைஞர் ஒருவர் வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் சென்றார். ஈரத் துணியால் அந்த விரலைத் துடைத்து, தம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, மெல்ல அழுத்திப் பார்த்தார். அதுவும் பலிக்காதபோது அதிகாரியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, வேறு வழியில் அடையாளத்தை உறுதிசெய்ய வைத்தார். வெளியே வந்ததும் பாட்டி பணத்தை எண்ணவில்லை. "நீ இன்னும் பசியாறலையே, அய்யா" என்றுதான் கேட்டிருக்கிறார். அந்த இளைஞர் இப்போது மாதந்தோறும் அவருடன் செல்கிறார். சமூக நல இலாகாவின் முதியோர் உதவிக்கும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் உதவிக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பதும் இவ்வாண்டு இப்படித்தான் தொடங்கியது.

அடுத்தது, சிறுநீரகம் பழுதடைந்து இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் நோயாளிகளுக்கான வாகன உதவி. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவர்கள் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். எழுந்ததும் தலை சுற்றும், கால் தளரும். மோட்டார் சைக்கிளில் தனியே வீடு திரும்புவது அவர்களுக்கு ஆபத்து. கொண்டுபோய் விடுவதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது, காத்திருந்து அழைத்து வருவதற்குத்தான் கிடைப்பதில்லை. ஆகவே முறை வைத்துக் கார் ஓட்டினோம்.

இதில் நேர்ந்த ஒரு பிழையை நான் மறைக்கக் கூடாது. நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் முறைப் பட்டியலை நான் மாற்றியதை ஓட்டுநருக்குத் தெரிவிக்கத் தவறினேன். ஒரு பெரியவர் கையில் கட்டுடன், மழைச்சாரலில், மையத்தின் வாசற்படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். இந்த அவையிலும் கேட்கிறேன். இப்போது ஒவ்வொரு முறைக்கும் மாற்று ஓட்டுநர் ஒருவர் குறிக்கப்படுகிறார். முதல் நாள் இரவே இருவருக்கும் தொலைபேசியில் நினைவூட்டுகிறோம்.

தீபாவளிக்கு மளிகைப் பொருள் வழங்கியதில் ஒரு மாற்றம் செய்தோம். வழக்கம்போல் மண்டபத்தில் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்காமல், அக்டோபர் 31க்கு முந்திய வாரத்தில் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று கொடுத்தோம். நன்கொடையாளர் சிலர் படம் இல்லையே என்று வருந்தினார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும், பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் பார்க்கும்படி தாயை மேடையேற்றுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அடுத்த ஆண்டும் இதே முறை தொடர வேண்டுகிறேன்.

சாவு வீடுகளில் நாற்காலி, கூடாரம் ஏற்பாடு செய்வதோடு, கருமாதிவரை பாத்திரம் கழுவவும் வாசல் கூட்டவும் நம் மகளிர் பிரிவினர் சென்றார்கள். துயரத்தில் இருப்பவர்கள் எதையும் கேட்டுப் பெறமாட்டார்கள் என்று அவர்கள் கேளாமலே போனார்கள்.

நோயாளிகளை ஏற்றிச்செல்லும் கார்களின் பெட்ரோல் செலவுக்குப் பெரிய நன்கொடையாளர் ஒருவரைத் தேடலாமே என்று செயலவையில் பேச்சு எழுந்தது. நம் ஊரில் பிறந்து நாட்டின் அமைச்சராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களை நம்மவர்களே வாங்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டந்தோட்டமாகச் சென்று பாட்டாளிகளின் சிறு சேமிப்பைத்தான் திரட்டினார் என்பதைத் தலைவர் நினைவூட்டினார். அதன்படி, உறுப்பினர்கள் இயன்ற தொகையை மாதந்தோறும் பெட்ரோல் உண்டியலில் போட்டு வருகிறார்கள்.

செவ்வாய், வியாழன் முறைகளுக்கு ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை, நோயாளிகளை அழைத்துவரும் முறைக்கு மட்டும் இன்னும் இருவர் தேவை. பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் உள்ளது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்