பேரனைப் பற்றி உனக்கு எழுத நினைத்தது

அன்பு மகளுக்கு,

அப்பாவின் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்கிறார். உன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீண்டுவதைப் பற்றி நான் பேச்செடுத்தபோதெல்லாம், "பிள்ளைங்கன்னா அப்படித்தான்மா இருப்பாங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாய். உனக்கு வேலை அதிகம், தெரியும். ஆனால் இத்தனை காலம் வகுப்பறையில் நின்றவளிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லாதே. விளையாட்டுச் சண்டை எது, வதை எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. டான் ஓல்வியஸ் என்ற ஆய்வாளர் எப்போதோ அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்லிவிட்டார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. மூன்றாவதைத்தான் பெரியவர்கள் கவனிப்பதில்லை. சமபலம் உள்ள இருவர் கட்டிப் புரண்டால் மறுநாள் சேர்ந்து விளையாடுவார்கள். ஒருவனைச் சுற்றி ஐந்து பேர் நின்றால் அது சண்டையே இல்லை.

நார்வேயில் 1982-இல் மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கும் என்று தெரிந்ததும் நாடே அதிர்ந்துபோனது. அடுத்த வருடமே எல்லாப் பள்ளிகளிலும் இதற்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதுவரை அங்கேயும் பெரியவர்கள் "பிள்ளைகள் அப்படித்தான்" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்?

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது உன் மகன் எனக்கு ஒரு வீடியோ காட்டினான். அவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு பையன் தன் பெயரைச் சொல்லத் திக்குகிறான். சுற்றி நிற்பவர்கள் அவன் திக்குவதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நம் பிள்ளை எதுவும் சொல்லவில்லை. சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வீட்டில் எத்தனை முறை கேட்டுச் சந்தோஷப்பட்ட சிரிப்பு அது.

அண்ணனின் ஏழாம் வகுப்பை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் முகம் எப்படி ஆகும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும், நீதான் ஜன்னல் வழியாகப் பார்த்தவள். தலைமையாசிரியர் அறைக்குத் தனியாகப் போய் நின்றவளும் நீதான். அன்றைக்கு உன்னை நினைத்து நான் பட்ட பெருமை இன்னும் குறையவில்லை. அந்த நீ, இப்போது "அவன் ஒண்ணும் பண்ணலையேம்மா, சும்மா கூட இருந்தான்" என்கிறாய்.

சும்மா கூட இருப்பவன் என்று ஒருவன் இதில் கிடையாது. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவர் குழுவினரும் 1996-இல் வகுப்பறைகளில் இதைத்தான் பார்த்தார்கள். செய்பவன் ஒருவன் இருப்பான், அவனுக்குக் கை கொடுப்பவர்கள் இருப்பார்கள், சிரித்து ஊக்கம் தருபவர்கள் இருப்பார்கள், விலகி நிற்பவர்களும் இருப்பார்கள். பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்பவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்பவன் மறுபடியும் செய்கிறான். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். யாராவது ஒரு பிள்ளை குறுக்கே புகுந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் அது நின்றுபோனது. பத்து விநாடி, கண்ணு! நம் பிள்ளையால் அதைச் செய்ய முடியும். அவன் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், அப்படி ஒரு குணம் அவனுக்கு இருக்கிறது. எனக்கு வருத்தமே அதனால்தான்.

அடிக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல், கை ஓங்க வேண்டாம். பலமுள்ளவன் பலமில்லாதவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதைத்தான் அடி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும். "ஏன்டா சிரிச்சே?" என்று ஆரம்பிக்காதே, உடனே ஒரு சமாதானம் சொல்வான். அந்த வீடியோவைக் கூடவே உட்கார்ந்து பார். அந்தப் பையன் முகத்தைப் பார்க்கச் சொல். மறுநாள் அவன் பள்ளிக்கு வந்தானா, யார் பக்கத்தில் உட்கார்ந்தான், மதியம் யாரோடு சாப்பிட்டான் என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு, அவனாகப் பேசட்டும்.

எல்லாரையும் எதிர்த்து நிற்கச் சொன்னால் பயப்படுவான், அது நியாயமான பயம். அடுத்த முறை சிரிக்காமல் இருக்கலாம். வீடியோவை யாருக்கும் அனுப்பாமல் இருக்கலாம். அந்தப் பையனை "வா, எங்களோடு விளையாடு" என்று கூப்பிடலாம். ஆசிரியரிடம் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது என்பதை நீயே அவனுக்குச் சொல். அன்றைக்கு நீ செய்ததை அவனுக்குச் சொல்லியிருக்கிறாயா? அண்ணனிடம் கேட்டுக்கொண்டு சொல், அது அண்ணனின் கதையும்தான்.

அப்புறம், வகுப்பாசிரியரிடம் நீயே போய்ப் பேசு. அந்தப் பையனின் அம்மா புகார் கொண்டுவரும்வரை காத்திருக்காதே. இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்கிற ஏற்பாடு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தப் பையன் அங்கே பயத்தில் "சரி" என்பான், வெளியே வந்ததும் இன்னும் வாங்குவான். முதலில் அவனுக்குப் பாதுகாப்பு. மன்னிப்பு கேட்பது அவன் விரும்பினால், அவன் விரும்பும்போது.

திரும்பவும் சொல்கிறேன், அடிக்காதே. அவன் கெட்ட பிள்ளை இல்லை. நல்ல பிள்ளை என்பதால் இதை விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. மாப்பிள்ளைக்கும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. என் மேல் கோபம் வந்தால் வரட்டும், ஆனால் வகுப்பாசிரியரைப் பார்த்ததும் எனக்குப் போன் செய். அன்றைக்கு அவனிடமும் போனைக் கொடு, நானும் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா