14 பாயிண்ட் லீடும் ஒரு மெசேஜும்

மோரிஸ்வில், நார்த் கரோலினா
9.4.2025

அன்புள்ள மாப்ளே,

நலமா என்று உன்னைக் கேட்க இது ஏற்ற வாரம் இல்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாளாம். சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பைன் மரத் தூள் விழுந்து கார், வாசல், தபால் பெட்டி எல்லாம் மஞ்சள்பொடி கொட்டினது மாதிரி கிடக்கிறது. வருஷா வருஷம் ஏப்ரலில் உன்னைத் தும்ம வைத்த அதே தூள்தான்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் ஏதாவது ஜோக்கடித்துத் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி நான் உனக்கு அனுப்பிய மெசேஜ் ஞாபகம் இருக்கும். ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் சொச்சம் இருந்தது. கல்லூரி பாஸ்கெட்பால் அரையிறுதியில், பாப்பா படிக்கிற உங்கள் ஹூஸ்டனுக்கு எதிராக நாம் படித்த ட்யூக் 14 பாயிண்ட் முன்னால். "பாப்பாவுக்கு ஆறுதல் சொல்லு, ஃபைனலுக்கு எங்க சட்டை ஒண்ணு அனுப்பறேன்" என்று எழுதி, கூடவே சிரிக்கிற மூஞ்சி மூன்று. அதோடு விட்டேனா? ராலேயிலிருந்து சான் அன்டோனியோவுக்குத் திங்கட்கிழமை டிக்கெட் என்ன விலை என்று மடியில் லேப்டாப்பை வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டேன். விலையைப் பார்த்து நிமிர்ந்தபோது லீட் பத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும், நீ குதித்துக்கொண்டு பார்த்திருப்பாய். நான் பார்த்ததையும் சொல்கிறேனே. கடைசிப் பத்தரை நிமிஷத்தில் எங்களுக்கு விழுந்தது ஒரே ஒரு கூடை. மிச்சமெல்லாம் ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ. பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கிறார்கள், ஷாட் போட விடுகிற நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் 30 நொடியிலிருந்து இறங்குகிறது, ஐந்து வந்ததும் அவசர அவசரமாக ஒன்றைத் தூக்கிப் போடுகிறார்கள். உங்கள் ஆட்கள் ஒருத்தன் மூச்சுக்காற்று இன்னொருத்தன் மேல் படுகிற தூரத்தில் நின்று காவல் காக்கிறார்கள். அப்படியிருந்தும் அரை நிமிஷம் சொச்சம் பாக்கி இருக்கும்போது 67-61. ஆறு பாயிண்ட்! அந்த அரை நிமிஷத்தில் உங்களுக்கு ஒன்பது, எங்களுக்குப் பூஜ்யம். உங்கள் ஷார்ப் தூரத்திலிருந்து ஒரு த்ரீ, மூன்று பாயிண்ட். வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுகிற பாஸையே பறிகொடுத்தோம். உங்கள் டக்லர் மேலேறி அடித்தது 67-66. எங்கள் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனான்.

அதுவரை சமையலறையில் இருந்த என் வீட்டம்மா அப்போதுதான் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு தடவை போடுவானில்லையா, ஒண்ணாவது விழாதா?" என்றாள். "இது ஒன்-அண்ட்-ஒன். முதலாவது விழுந்தால்தான் ரெண்டாவது" என்று நான் சொல்லி முடிக்கும் முன்னால் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. திரும்பி வந்த அந்தப் பந்துக்குத் தாவியதில் எங்கள் ஃப்ளாக் மேல் ஃபவுல். உங்கள் ராபர்ட்ஸ் ஃப்ரீ த்ரோ இரண்டையும் நிதானமாகப் போட்டான். நடுவர் அதை ஊதியிருக்கக் கூடாது என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கத்தினேன். காலையில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஊதினாலும் குற்றமில்லை, ஊதாவிட்டாலும் குற்றமில்லை என்கிற ரகம். 14 பாயிண்டைத் தொலைத்துவிட்டு ஒரு விசிலைப் பிடித்துத் தொங்குவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

கடைசி ஷாட் ஃப்ளாக் கையில். அன்றைக்கு 27 பாயிண்ட் போட்டவன், அவனிடம் கொடுக்காமல் யாரிடம் கொடுப்பது? பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுச் செத்துப்போனது. முடிவில் 70-67. அவனுக்கு வயது 18, மாப்ளே. என் பையனைவிட மூன்றே வயது பெரியவன். நம்ம பையன் இன்னும் டிபன் பாக்ஸைப் பள்ளிக்கூடத்திலேயே மறந்துவிட்டு வருகிறான்.

டிவியை அணைத்த பிறகு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் மெசேஜுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரவில்லை. என் மெசேஜுக்குக் கீழே இரண்டு நீல டிக் மட்டும். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். போன வருஷம் டல்லாஸில் உங்கள் ஷெட் கணுக்கால் மடங்கி உட்கார்ந்த ஆட்டத்தில் நாங்கள் 54-51 என்று ஜெயித்தபோது நான் எப்படிக் குதித்தேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் 2004 ஞாபகம் வந்தது. ஏப்ரல் மாதம், சனிக்கிழமை, அதே அரையிறுதி, அதே சான் அன்டோனியோ, அதே அலமோடோம்! நம் இரண்டு பேருக்கும் படிப்பு முடிய ஒரு மாதம் பாக்கி. கனெக்டிகட்டுக்கு எதிராக மூன்று நிமிஷம் சொச்சம் இருக்கும்போது எட்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். அங்கிருந்து வரிசையாக 12 பாயிண்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். நம்ம டூஹான் கடைசி நொடியில் ஓடிக்கொண்டே போட்ட த்ரீ விழுந்தும் 79-78 என்று தோற்றோம். நீ அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாய். அது அடிப்பிடித்து, புகை அலாரம் கத்தி, நான் துண்டை வீசி அதை நிறுத்தினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனவன், ராத்திரி ஒரு மணி வரை தேய்த்துக்கொண்டே இருந்தாய். இவ்வளவுக்கும் அந்தச் சீசன் டிக்கெட்டுக்காக செப்டம்பரில் பார்க்கிங் லாட்டில் இரண்டு ராத்திரி கிடந்தோம். நடுச்சாமத்தில் சைரன் ஊத, தூக்கக் கலக்கத்தில் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்து, குலுக்கலில் எனக்கு விழுந்து உனக்கு விழாமல், ஒரே டிக்கெட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ட்யூக்கின் கேமரூன் அரங்கத்துக்குள் போனோமே. நீ கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்துக்குப் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரன் கையேந்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்படிப்பட்ட நீதான் ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போய், மகளையும் அந்த ஊர்க் கல்லூரியிலேயே சேர்த்து, கடைசியில் அவர்கள் சிவப்புச் சட்டையைப் போட்டுவிட்டாய். கட்சி மாறியதற்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. அது தனி வழக்கு.

சரி, திங்கட்கிழமை ஃப்ளோரிடாவோடு நீங்கள் ஆடிய ஃபைனலுக்கு வருகிறேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன், உங்கள் பக்கம் நின்று. சத்தியமாக. இரண்டாம் பாதியில் 12 பாயிண்ட் முன்னால் போனீர்கள். முதல் பாதியில் ஃப்ளோரிடாவின் கிளேட்டனை ஒரு பாயிண்ட்கூட எடுக்க விடாமல் பூட்டிவைத்த காவலைப் பார்த்து, இது போதும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, இந்தத் தடவை போனைத் தொடவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல அதே நாற்றம் வந்தது. பந்து கை மாறுகிற வேகம் குறைந்தது, எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி எனக்குப் பட்டது. 65-63, ஃப்ளோரிடா முன்னால். கடைசியில் ஷார்ப் த்ரீ போட எழும்புகிறான், கிளேட்டன் எதிரே பறந்து வருகிறான், இவன் பந்தைக் கீழே விட்டுவிட்டான். மறுபடி தொட்டால் விதிமீறல். பந்து அவன் காலடியிலேயே குதிக்கிறது, அவன் அதைத் தொட முடியாமல் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஃப்ளோரிடாவின் காண்டன் வந்து மேலே விழுந்து பொத்திக்கொண்டான். ஒரு ஷாட்கூடப் போடாமல் முடிந்தது. சனிக்கிழமை எங்களுக்கு ஒரு ஷாட்டாவது கிடைத்தது.

என் ஆபீஸில் நார்த் கரோலினா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் படித்த பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் காபி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். 1983 ஃபைனல், ஆல்புகர்க்கி, அவர் கல்லூரியும் ஹூஸ்டனும். ஒலாஜுவானும் ட்ரெக்ஸ்லரும் இருந்த உங்கள் ஹூஸ்டன் 52-46 முன்னால் இருந்துவிட்டு ஆட்டத்தை மெதுவாக்கியதாம். அப்போது ஷாட் கிளாக் கிடையாது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பொழுதை ஓட்டலாம். பெரியவரின் கல்லூரிக்காரர்கள் வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினார்கள். 52-52 என்று இருக்கும்போது உங்கள் ஃபிராங்க்ளின் என்கிற முதலாண்டுப் பையன் ஒன்-அண்ட்-ஒன்னில் முதலாவதையே விட்டான். அப்புறம் பெரியவர் பக்கத்து சார்லஸ் கடைசி நொடியில் வளையத்துக்குள் திணித்தது, 54-52. பெரியவர் நேற்று நடந்தது மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார், காபி என் சட்டையில்.

லீட் இருக்கிறவன் ஏன் ஆட்டத்தை விட்டுவிட்டு நேரத்தோடு ஆடப் போகிறான் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை. பயிற்சியாளர்களுக்குத் தெரியாததா? உங்கள் சாம்ப்சன் எத்தனை வருஷம் பார்த்தவர்! ஆனால் 8 நிமிஷம் இருக்கும்போது டிக்கெட் விலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை நான் கேட்கக் கூடாதுதான்.

திங்கள் ராத்திரி உனக்கு மூன்று மெசேஜ் அடித்து மூன்றையும் அழித்தேன். எதை எழுதினாலும் சனிக்கிழமைக்குப் பழி வாங்கின மாதிரியே படித்தது. அந்தச் சிரிக்கிற மூஞ்சி மெசேஜுக்கு மன்னித்துக்கொள். முடிந்தால் உன் பக்கத்திலும் அழித்துவிடு. பாப்பா கண்ணில் படவேண்டாம். அவள் அழுதாளா? சட்டை அனுப்பமாட்டேன் என்று சொல், அத்தை முறுக்கு சுற்றி அனுப்புகிறாள்.

ஜூனில் பையனுக்கு லீவு விட்டதும் நாலு நாள் அங்கே வருவதாக இருக்கிறோம். பேர்லாண்டு மீனாட்சி கோயிலுக்கு வீட்டில் ஏதோ வேண்டுதல். தேதி குறித்ததும் சொல்கிறேன்.

தங்கச்சியிடம் ஒன்று கேட்டு எழுது. திங்கட்கிழமை ராத்திரி எந்தப் பாத்திரத்தைத் தேய்த்தாய்?

உன் பழைய ரூம்மேட்